மச்சாள் சொன்ன மன்றாட்டு

ஒக்டோபர் மாதத்தில் மாதா காரில்தான் வருவார். மூப்பரின் பழைய காரின் முன் சீட்டில் நீலச் சால்வை சுற்றி நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டிருப்பார்கள். மூப்பரின் மனைவிக்குப் பின் சீட்டுத்தான். லண்டன் பிளேஸ்டோவிலும் அதைச் சுற்றியும் அப்போது இருந்த எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள், செபமாலை மாதம் முழுவதும் அந்த ஒரு சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துச் செபம் சொல்வது வழக்கம். இன்று ஒரு வீடு, நாளை பின்னேரம் இன்னொரு வீடு. மூப்பர் என்றால் ஊரில் கோவிலைப் பார்த்துக்கொண்டு, சுவாமியார் இல்லாத நாட்களில் செபம் நடத்துகிற பெரியவர். லண்டனில் அவருக்குக் கோவில் இல்லாவிட்டாலும் பதவி மட்டும் கூடவே வந்திருந்தது. ஒருமுறை சிக்னலில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார் என்று அவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன்.

அந்தச் சுரூபம் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கிய ஒரு மாலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கதவைத் திறந்து இரண்டு கைகளாலும் அதை வாங்கியவள் என் மச்சாள், அண்ணனின் மனைவி. ஐந்து மாத வயிறு. முழுக்கைச் சட்டை, அரக்குச் சேலை, கழுத்தை மூடி ஒரு ஸ்கார்ஃப். இடது கண்ணுக்குக் கீழே பவுடர் கொஞ்சம் அதிகமாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பவுடரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைப்பதில் மும்முரமானார்கள்.

மச்சாள் எங்கள் ஊர்க்காரி அல்ல. கொலம்பியாவிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்து, பிறகு விடிய எழும்பி அலுவலகங்கள் துடைக்கிற வேலைக்கு மாறியவள். என் அண்ணன் அவளை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கண்டார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அரைகுறை மொழியில் ஒருவர் அதிகம் பேசாவிட்டால் அவரை அமைதியானவர் என்று எண்ணிக்கொள்ள எவ்வளவோ இடமிருக்கிறது. அவளும் அப்படித்தான் எண்ணினாள். யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் அம்மா செய்தி கேட்டு ஒரு கிழமை பாயில் படுத்துவிட்டார். பிறகு, “அவளும் எங்களைப்போல வேதக்காரிதானே, பரவாயில்லை” என்று எழும்பியவர், அதோடு ஒரு மூட்டை நிபந்தனைகளையும் அனுப்பி வைத்தார். சேலை உடுக்க வேண்டும். தாலி கட்ட வேண்டும். தமிழில் செபம் படிக்க வேண்டும். தலைமயிரை விரித்துப் போடக்கூடாது. ஆண்கள் முன்னால் பல்லுத் தெரியச் சிரிக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் அவள் ஓம் என்றாள். நான் வந்து சேர்ந்த புதிதில், இவளுக்கு என்ன விசரா என்று நினைத்தேன். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டுத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. போகப் போகத்தான் விளங்கியது, அந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட அவளுக்குப் புதிது அல்ல. நல்ல பெண் என்றால் மாதாவைப் போல இருப்பாள், எதையும் தாங்குவாள், வாய் திறக்கமாட்டாள் என்று அவளுடைய தாயும் சின்ன வயதிலிருந்தே ஓதி வளர்த்திருந்தார். ஒரே பாடத்தை இரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். எங்கள் முறையில் எனக்கு அவள் மச்சாள், அவளுக்கும் நான் மச்சாள். ஒரே சொல் இரண்டு பக்கமும் போகிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் வாய்க்கு வாய் மச்சாள் என்பாள்.

முதல் அடியை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினியில் அவளுடைய ஊர்ப் பாட்டுக் கசெட்டைப் போட்டுவிட்டு எனக்கு ஆடக் காட்டிக்கொண்டிருந்தாள். கையில் அகப்பை, காலில் செருப்பில்லை, தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. நானும் இடுப்பை அசைக்கத் தெரியாமல் அசைத்துக்கொண்டிருந்தேன். பெற்றோல் ஸ்டேசனில் வேலை முடிந்து அண்ணன் உள்ளே வந்தார். யன்னல் திரை திறந்திருந்ததையும் தெருவில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போனதையும் அவர் கண்டிருக்க வேண்டும். கசெட் றேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது உடைந்த பிறகு, அதே கையால் அவள் தலையைப் பிடித்து அதே சுவரில் அடித்தார். சுவரில் முதலில் பிளாஸ்டிக் கீறிய கோடு விழுந்தது, அதற்குப் பக்கத்தில் அவள் இரத்தம். பிறகு கைகழுவிவிட்டு மேசையில் இருந்து, “சோத்தைப் போடு” என்றார். அவளும் போட்டாள். ஒரு கையால் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் பரிமாறினாள்.

இதைச் சொன்னால் எங்கள் பெண்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள். “அவன் ஆமியிட்டைப் பட்ட பாடு உனக்குத் தெரியாதே பிள்ளை.” எனக்குத் தெரியும். அவரை முகாமில் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்ததும், வெளியே வந்தபோது காலால் நடக்க முடியாமல் அப்பா சைக்கிளில் வைத்து உருட்டி வந்ததும் எனக்குத் தெரியும். நான்தான் அவருடைய பாதங்களுக்கு எண்ணெய் பூசினேன். பெற்றோல் ஸ்டேசனில் மொட்டைத் தலை வெள்ளைக்காரப் பொடியன்கள் போத்தலால் அடித்துக் காது கிழிந்து வந்ததும் தெரியும். அன்றும் அவர் வீட்டுக்கு வந்து அவளைத்தான் அடித்தார். வெளியில் வாங்கியதை எல்லாம் கொண்டுவந்து இறக்கி வைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது, அந்த இடம் அவளுடைய உடம்பாக இருந்தது. அடி வாங்கியவர்கள் எல்லாம் அடிக்கப் புறப்பட்டால் எங்கள் இனத்தில் ஒரு பெண்ணும் மிஞ்சியிருக்கமாட்டாள். அவளும் தன் ஊரில் தன் மூத்த தமையனைத் தெருவில் சுட்டுப் போட்டதைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். அவள் யாரையும் அடிக்கவில்லையே. இதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் தேத்தண்ணி ஆறுகிறது என்பார்கள்.

எங்கள் தாலிக்கொடி தடித்தது. புறா பொறித்த தாலியை அதில்தான் கோப்போம். கொடி தடிப்பாக இருந்தால்தான் குடும்பத்துக்கு மதிப்பு. மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அந்த மாலைக்கு முந்திய மாரியில், அவள் மூன்று மாதமாக இருந்தபோது, அண்ணன் அவளைக் கொடியில் பிடித்துத்தான் மாடிப்படியிலிருந்து குசினிவரை இழுத்துக்கொண்டு போனார். மெல்லிய சங்கிலியாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அவள் நாக்குத் தள்ளி, முகம் கறுத்து, நிலத்தில் விழுந்த பிறகு வயிற்றில் மிதித்தார். நான் குறுக்கே போய்ப் படுத்தேன். அவருடைய முழங்கை என் வாயில் பட்டு முன்பல் ஒன்று போனது. மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்த எங்கள் ஊர்த் தம்பிமார் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். அது எனக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளை அன்றே போய்விட்டது. வீட்டுப் படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். அண்ணன் கட்டில் காலடியில் இருந்து தேம்பித் தேம்பி அழுதார். நர்ஸ் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கே போவது? அவளுடைய விசா புருஷனைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒருமுறை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி பொலிசைக் கூப்பிட்டாள். வந்தவர் வாசலில் நின்று அண்ணனோடு இரண்டு வார்த்தை பேசினார், குடும்ப விசயம் என்று போய்விட்டார். மூப்பர் ஒருநாள் வந்து முன்னறையில் இருந்து அவளுக்கு நீளமாகப் புத்தி சொன்னார். “பிள்ளை, வியாகுல மாதாவைப் பார். நெஞ்சிலை ஏழு வாள். அவ வாய் திறந்தவவே? பொம்பிளை எண்டால் பொறுக்க வேணும். பொறுத்தால் அவன் தானாத் திருந்துவான்.” அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அடுத்த ஞாயிறு தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து கொலம்பியாவுக்கு எடுத்துத் தாயோடு பேசினாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

“மச்சாள், அம்மாவும் அதுதான் சொல்லுறா. வாள், மாதா, பொறு. மூப்பர் அங்கையும் போய்ச் சொன்னவரோ?”

மறுபடி கர்ப்பமானதும் அவள் மாறிவிட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை. பேச்சுக் குறைந்தது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறெதற்கும் அவள் காதுகொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு மாதா வரும் நாளுக்கு முன்தினம் இருவரும் வருகிறவர்களுக்கு ரோல்ஸ் பொரிக்க உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். செபமாலை முடிந்ததும் வீட்டுக்காரி மன்றாட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முறை. அவள் ஒன்று சொல்ல, வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பார்கள். மச்சாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“மிதிக்கிறது எண்டதைச் செபத்திலை எப்பிடிச் சொல்லுறது?”

நான் சொல்லிக்கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவள் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் திருத்தினேன்.

அன்று மாலை முன்னறை நிறைந்துவிட்டது. ஆண்கள் யன்னல் பக்கம், பெண்கள் குசினிக் கதவுப் பக்கம், நடுவில் கார்பெட்டில் பிள்ளைகள். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் வந்தவர்களுக்கெல்லாம் குசன் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, பார்ப்பவர்களுக்கு நல்ல மாப்பிள்ளையாகத்தான் தெரிந்தார். சுரூபத்துக்கு முன்னால் இரண்டு பித்தளை மெழுகுதிரிக் கால்கள். மூப்பர் வழமைபோல இழுத்து இழுத்துச் செபமாலையை நடத்தி முடித்தார். பிறகு மச்சாள் முழந்தாளில் எழும்பினாள்.

“எங்கடை நாட்டிலையும் உங்கடை நாட்டிலையும் சண்டை நிக்க வேணும் எண்டு மன்றாடுவோம்.”

எல்லோரும் பதில் சொன்னார்கள். அவளுடைய தமிழைக் கேட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒரு பூரிப்பு. மூப்பரின் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தூரத்திலை இருக்கிற எங்கடை அம்மாமாருக்காக மன்றாடுவோம்.”

அதற்கும் பதில் வந்தது.

“போன மாரியிலை இந்தக் குசினியிலை என்ரை பிள்ளையை மிதிச்சுக் கொன்ற காலுக்காக மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” முழு அறையும் ஒரே குரலில் சொன்னது. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், காது கேட்கும்வரை காத்திருப்பதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒரு கையால் ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கீழே போட்டாள். கழுத்தில் கொடி பதிந்த கோடு நீலமும் மஞ்சளுமாக, பின்னல் பின்னலாகத் தெரிந்தது.

“கொடியிலை பிடிச்சு இழுக்கிற கைக்காக மன்றாடுவோம். அந்தக் கை வயித்திலை இருக்கிற இந்தப் பிள்ளையைத் தொடக்கூடாது எண்டு மன்றாடுவோம்.”

பெரியவர்களின் குரல் ஓய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும், தங்கள் குரல் தனியாகக் கேட்கிற உற்சாகத்தில் இன்னும் பலமாகக் கத்தினார்கள், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று. ஒரு தாய் தன் மகனின் வாயைப் பொத்தினாள்.

“சத்தம் கேட்டு றேடியோவைக் கூட்டின தம்பிமாருக்காகவும், பொறு எண்டு சொன்ன மூப்பருக்காகவும் மன்றாடுவோம்.”

அதற்கு நான் ஒருத்திதான் பதில் சொன்னேன்.

அண்ணன் பிள்ளைகளின் கால்களை மிதித்துக்கொண்டு வந்தார். முதல் குத்து அவள் வாயில் விழுந்தது. இரண்டாவதற்குள் கொடியைப் பிடித்துவிட்டார். அவள் வயிற்றைச் சுற்றிச் சுருண்டுகொண்டாள், நான் அவள் முதுகில் விழுந்தேன். பிள்ளைகள் அலறினார்கள். அவருடைய மற்றக் கை மெழுகுதிரிக் காலைத் தூக்கியதை நான் தரையிலிருந்து பார்த்தேன். மெழுகு என் முகத்தில் சொட்டியது. அத்தனை ஆண்கள் அந்த அறையில் இருந்தார்கள். மூப்பர் ஒருவர்தான் எழும்பினார். எழும்பி அவர் சொன்னது இதுதான். “டேய், மாதாவுக்கு முன்னாலை வேண்டாம்.”

அடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த குற்றம் இடம் சார்ந்தது. அண்ணன் திரும்பிய வேகத்தில் பித்தளைக் கால் மூப்பரின் நெற்றியில் இறங்கியது. உடைந்த மண்டையிலிருந்து இரத்தம் மூக்கின் மேலாக வழிந்து அவருடைய சட்டையில் கொட்டியது. மனுசன் இரண்டு அடி பின்னால் தள்ளாடிச் சுவரில் சாய்ந்து தன் கையைப் பார்த்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்.

“பொலிசுக்கு டெலிபோன் அடியுங்கோ. இவன் கொலைகாரன். இவனை ஒரு நிமிசமும் வெளியிலை விடக்கூடாது.”

யாரும் அசையாததால் அவரே தள்ளாடிப் போய் டெலிபோனைச் சுழற்றினார். ஏழு வாளையும் பொறுக்கச் சொன்னவரால் ஒரு மெழுகுதிரிக் காலைப் பொறுக்க முடியவில்லை. அதன் பிறகுதான் ஆண்களுக்குக் கைகால் வந்தது. பாய்ந்து விழுந்து அண்ணனை அமத்திப் பிடித்தார்கள். பிடித்தபடியே அடித்தார்கள். மேல்மாடித் தம்பிமார்தான் அதிகம் அடித்தார்கள். கூடப்பிறந்தவர் நிலத்தில் கிடந்து அடி வாங்குவதைப் பார்த்து அந்தப் பாதங்களுக்கு எண்ணெய் பூசியது எனக்கு நினைவில் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் எழும்பிப் போகவில்லை. என் கை மச்சாளின் வயிற்றின் மேல் இருந்தது. உள்ளே பிள்ளை ஒருமுறை புரண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொலிஸ்காரர்கள் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். மூப்பரை அடித்ததை எல்லோரும் கண்டார்கள், கையால் செய்து காட்டினார்கள். மச்சாளைப் பற்றிக் கேட்டபோது, அது குடும்பப் பிரச்சினை, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்தச் சிறிய முன்னறையில், ஒரே கையை, ஒரு அடிக்குக் கண்டவர்கள் மற்ற அடிக்குக் காணவில்லை. நாங்கள் இருவரும் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். ஆனால் வழக்கு மூப்பரின் தலை உடைந்ததற்குத்தான் வந்தது. வயதானவர், மதத் தலைவர், வழிபாட்டில் இருந்தவர் என்று வக்கீல் அடுக்கிக்கொண்டே போனார். மச்சாள் எட்டு மாத வயிற்றோடு கோர்ட்டின் பின் வரிசை வாங்கில் என் பக்கத்தில் இருந்து கேட்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அண்ணனைச் சிறைக்கு அனுப்பினார்கள். வெளியே படிக்கட்டில் மூப்பர் தழும்பைத் தடவிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

“பிள்ளை, என்ன இருந்தாலும் உன்ரை புருஷன். நீ அவனை மன்னிக்க வேணும்.”

“நீங்கள் மன்னிச்சிட்டீங்களோ?” என்று அவள் கேட்டாள்.

“எனக்கு இன்னும் தலை இடிக்குது.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லுத் தெரிய, அத்தனை எங்கள் ஆண்களுக்கும் முன்னால் சிரித்தாள். குத்தில் உடைந்த பல்லின் இடைவெளியும் தெரிந்தது. எனக்கும் அதே இடத்தில் பல் இல்லை என்பதால் நானும் கையால் மறைக்காமல் சிரித்தேன். மூப்பர் எங்களுக்கு மூளை தட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

சிறையிலிருந்து வந்த அண்ணன் வேறு நாட்டுக்குப் போய், அங்கேயே செத்தும் போனார். மச்சாள் அலைந்து திரிந்து தன் பெயரில் விசா வாங்கி, தென் லண்டனில் தன் ஆட்களுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, இன்னும் விடிய எழும்பி வேலைக்குப் போகிறாள். சேலை உடுப்பதில்லை. நான் இல்ஃபோர்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் செபமாலை மாதம் இப்போதும் நடக்கிறது, முந்தியைவிட ஆடம்பரமாக. மன்றாட்டை மட்டும் வீட்டுக்காரி சொல்வதில்லை. அந்த வருடத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். முன்பே அச்சடித்த தாளைப் பார்த்து ஆண்கள் யாராவது வாசிப்பார்கள். உலக சமாதானத்துக்காக எல்லாம் இருக்கும்.

பிறந்தது பெண்பிள்ளை. இப்போது அவளுக்கே முப்பது தாண்டிவிட்டது. தாயோடு ஸ்பானிஷ், என்னோடு ஆங்கிலம், இடையில் மாமி என்ற ஒரு தமிழ்ச் சொல். போன மாதம் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். வழியில், தாய் அந்தப் பழைய கதையைப் பற்றிப் பேசுவதில்லை என்றும், அம்மாவை அடித்ததற்காக அப்பாவைச் சிறையில் போட்டதை நினைத்தால் தனக்கு இந்த நாட்டின் மேல் ஒரு நம்பிக்கை வருகிறது என்றும் சொன்னாள். இத்தனை வருடமும் அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நான் தமிழில் சொன்னேன், மெதுவாக, அவளுக்கு விளங்க வேண்டும் என்று.

“இல்லை பிள்ளை. அது மூப்பரை அடிச்சதுக்கு.”

அவள் காரை ஓரமாக நிற்பாட்டினாள். “அப்ப அம்மாவை அடிச்சதுக்கு, மாமி?” என்றாள் ஆங்கிலத்தில்.

“அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை” என்றேன்.